பதிலோடு கேள்வியும் வரட்டும்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை போட்டிருக்கும் ஒரு விவசாயி, பகலெல்லாம் கொல்லையில் களையெடுத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பி, ஊர் வாட்ஸ்ஆப் குழுவைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படிக்காத செய்திகள் அறுபத்து மூன்று. ‘வந்துடுச்சு’ என்கிறது ஒன்று. ‘இல்லங்க, அது நேத்து’ என்கிறது அடுத்தது. ‘நாளைக்குத்தான்’, ‘அங்க இல்ல, பழைய இடத்துல’, ‘ஓகே சார்’, பிறகு வரிசையாக ஏழு கும்பிடு. எது வந்துவிட்டது, எது நேற்று, பழைய இடம் எது? விரலால் தள்ளித் தள்ளி மேலே போனால் காலை ஒன்பதரைக்கு ஒருவர் ‘சொசைட்டியில யூரியா வந்துடுச்சா?’ என்று கேட்டிருக்கிறார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொருவர் ‘கரண்ட் எப்ப வரும்?’ என்று கேட்டிருக்கிறார். ‘நாளைக்குத்தான்’ என்ற பதில் யூரியாவுக்கா, கரண்டுக்கா? சொன்னவருக்குத் தெரியும். கேட்ட இருவருக்கும் ஒருவேளை அப்போதே புரிந்திருக்கும். சாயங்காலம் வந்து படிப்பவருக்கு மட்டும் அந்த அறுபத்து மூன்றும் சத்தம்தான்.

இப்படி நாலு நாள் போனால் குழுவில் யாராவது ஒருவர் பொறுமை இழப்பார். ‘பதில் போடுறவங்க கேள்வியை இழுத்துப் பிடிச்சுப் போடுங்க’ என்பார். ‘எனக்கு நீ பாடம் எடுக்காத’ என்பார் ஒரு பெரியவர். ‘கும்பிடு போட்டா என்ன குறைஞ்சு போச்சு’ என்பார் மூன்றாமவர். அட்மின் சமாதானம் பேசுவார். இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறியதாகச் சாம்பல் நிறத்தில் அறிவிப்பு வரும். ஊர்க் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, பங்காளிகள் குழு, பழைய மாணவர் குழு என்று எங்கு பார்த்தாலும் இதே சண்டை. சண்டை தீராததற்குக் காரணம், இரு தரப்பும் இதை மரியாதைப் பிரச்சினையாகப் பார்ப்பதுதான். யார் யாரை மதித்தார், யார் யாருக்குப் பதில் சொல்லவில்லை என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் வராத ஒருவர் இருக்கிறார்: கடைசியில் வந்து படிப்பவர். குழுவில் பதில் சொல்லும் முறை எதுவானாலும் அவரை வைத்தே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம். எந்தக் கேள்விக்கு என்று தனியே நின்றும் புரிகிற பதிலே நல்ல பதில்.

இந்தத் தகராறு வாட்ஸ்ஆப்போடு பிறந்ததில்லை. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யோசித்துத் தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினி வலையில், முன்பின் அறியாதவர்கள் எழுத்தில் விவாதிக்கத் தொடங்கினார்கள். அங்கேயே பதிலை மேலே போடுவதா கீழே போடுவதா, முந்தையவர் எழுதியதை எவ்வளவு எடுத்துக்காட்டுவது என்று பல்லாண்டு சண்டை நடந்தது. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்ப்ரிட்ஜ், இணையத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளை ஓர் ஆவணமாகத் தொகுத்தார். பதில் எழுதுபவர் மூலச் செய்தியின் சுருக்கத்தை மேலே தர வேண்டும் அல்லது புரிவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் எடுத்துக்காட்ட வேண்டும், முழுவதையும் திரும்ப ஒட்டக் கூடாது என்றது அந்த ஆவணம். அதற்கு அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. செய்திகள் கணினி விட்டுக் கணினி தாவிப் போவதால், மூலச் செய்தி வந்து சேருமுன்பே அதற்கான பதில் ஒருவரின் கண்ணில் படலாம் என்றது. பணிவு, பண்பு என்று எதையும் பேசாமல், படிப்பவரின் நிலைமையை மட்டும் காரணமாகக் காட்டியது. இன்று செய்தி நொடியில் வந்துவிடுகிறது. வந்து சேர வேண்டியவர்தான் எட்டு மணி நேரம் தாமதமாக வருகிறார். தாமதம் வலையிலிருந்து மனிதருக்கு இடம் மாறியிருக்கிறது. காரணம் அப்படியே இருக்கிறது.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டியதில்லை. தமிழ் இலக்கணம் கேள்வியையும் பதிலையும் அக்கறையோடு வகுத்து வைத்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. விடைகளில் முதலாவது சுட்டு. ‘வழி எது?’ என்றால் ‘இது’ என்பது. எதிரே நிற்பவரிடம் ‘இது’ என்றால் போதும். மிச்சத்தை விரல் சொல்லிவிடும். வாட்ஸ்ஆப் குழுவில் ‘இது’, ‘அது’, ‘அங்கே’, ‘நாளைக்கு’ எல்லாம் உண்டு, விரல்தான் இல்லை. கேள்வியை மேலே காட்டிப் பதில் போடும் வசதி 2016-ல் வந்தபோது நமக்குக் கிடைத்தது அந்தச் சுட்டுவிரல். அதைப் பயன்படுத்தாமல் ‘அங்க இல்ல’ என்று எழுதுவது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வழி சொல்வதைப் போன்றது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் நன்னூல் அடுக்குகிறது. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை நீட்டும் ‘மற்றொன்று விரித்தல்’ அதில் ஒன்று, சொன்னதையே சொல்லும் ‘கூறியது கூறல்’ இன்னொன்று. குழு விதிகள் எழுத உட்காரும் அட்மின் இந்தப் பத்தையும் ஒருமுறை படித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மறுத்துப் பேசுவதற்கும் நம்மிடம் முறை இருந்தது. நூலாசிரியர்கள் மேற்கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளை நன்னூல் சொல்கிறது. பிறர் கருத்தை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு அதைக் களைவது அவற்றில் ஒன்று. அருணந்தி சிவாச்சாரியார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை அப்படித்தான் அமைத்தார். உலகாயதர் முதலான பிற மதத்தாரின் கொள்கையை முதலில் அவர்கள் தரப்பில் நின்று சொல்வார். அதற்குப் பிறகே மறுதலை வரும். எதிராளி சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிவிட்டு மறுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதில் படிப்பவருக்கான வசதியும் இருக்கிறது. சித்தியாரைப் படிக்க உட்கார்பவர் உலகாயதரின் வாதத்தைத் தேடி வேறு நூலுக்கு ஓட வேண்டியதில்லை.

இந்த முறையால் விளைந்த நன்மைக்குச் சான்று கீழ்பென்னாத்தூருக்கு அதிகத் தொலைவில் இல்லை. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகக் கிழக்கே போகும் சாலையில் செஞ்சியைத் தாண்டினால் திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தச் சமணத்தின் பெயரால் எழுந்த நூல் நீலகேசி. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுதப்பட்டது அது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றென்று பெயர் பெற்ற குண்டலகேசி பிற்காலத்தில் தொலைந்தே போனது. இன்று ஏறத்தாழ இருபது பாட்டுகளே கையில் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் காப்பியத்தின் கதையும் அதன் வாதமும் ஓரளவு நமக்குத் தெரிகிறதென்றால், அதில் மறுத்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு. நீலகேசியும், அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையும் எதிர்த்தரப்பு சொன்னதை எடுத்துக்காட்டியே மறுத்தன. வெறுமனே ‘அதெல்லாம் தவறு’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் குண்டலகேசியோடு நீலகேசியின் வாதமும் பொருளற்றுப் போயிருக்கும். எது தவறு என்று கேட்கவும் ஆளிருக்காது. கேள்வியைத் தூக்கிச் சுமந்த பதில், கேள்வி செத்த பிறகும் பிழைத்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வயதைப் பற்றியது. தமிழ்க் குழுக்களில் இதுவே பெரியது. பெரியவர் ஒருவர் சொன்னதை எடுத்துப் போட்டு, அதன் கீழேயே ‘அப்படி இல்லை’ என்று எழுதினால் அது நூறு பேர் நடுவில் அவர் முகத்தில் அடிப்பதாகாதா? எடுத்துக்காட்டாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதே நாகரிகம் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். இந்தக் கூச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இதற்கும் நம் உரையாசிரியர்களிடம் வழி இருக்கிறது. பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை எழுதும்போது, தமக்கு முந்திய உரைகளில் பல இடங்களில் உடன்படவில்லை. அங்கெல்லாம் அந்தக் கருத்தை எடுத்துச் சொல்வார், ‘என்று உரைப்பாரும் உளர்’ என்பார், ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டுவார். உரைத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார். கருத்து முழுவதுமாக வந்துவிடும், ஆளுக்குத் தலைகுனிவு இல்லை. குழுவிலும் இதைச் செய்யலாம். ‘முகாம் 14-ஆம் தேதி என்று ஒரு தகவல் வந்திருக்கிறது, அறிவிப்பில் 16 என்று இருக்கிறது, படம் இதோ’ என்று எழுதினால் கேள்வியும் வந்தது, திருத்தமும் வந்தது. அண்ணன் பெயரோ மாமா பெயரோ அங்கே தேவைப்படவில்லை. பொதுவாகச் சொல்கிறேன் என்று ‘சிலர் எதையும் தெரியாமல் பேசுகிறார்கள்’ என்று எழுதுவதுதான் உண்மையான அவமரியாதை. யாரைச் சொன்னார் என்று குழு முழுதும் ஊகிக்கும். எதைச் சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேரெதிர். எடுத்துக்காட்டுவதே ஓர் ஆயுதமாகிவிட்டது. ஐந்து வரியில் ஒரு வரியை வெட்டி எடுத்து, ஸ்கிரீன்ஷாட் பிடித்து, ஆளை மடக்கத்தானே பயன்படுகிறது என்கிறார்கள். உண்மைதான். 1860-களின் கடைசியில் வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்புக்கும் வள்ளலார் தரப்புக்கும் மூண்ட போரில், கண்டன நூல்களின் தலைப்புகளிலேயே வசவு இருந்தது. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. எடுத்துக்காட்டி மறுக்கும் மரபு கையில் இருந்தும் நாக்கு சுட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கண்டனங்களைத் தேடித் தொகுத்து ப. சரவணன் வெளியிட்ட பெருந்தொகுப்பை இன்று படிக்கும் ஒருவர், எந்தப் பக்கமும் சாயாமல், எங்கே வாதம் நிற்கிறது, எங்கே வசவு தொடங்குகிறது என்று தாமே பிரித்துப் பார்க்க முடிகிறது. ஒவ்வொருவரும் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று காட்டிவிட்டுச் சொன்னதால்தான் அது முடிகிறது. வெட்டித் திரித்துக் காட்டினாலும், திரித்தது எது என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். எதையும் காட்டாமல் திரித்தால் பிடிக்க வழியே இல்லை. ஆயுதமாகிறது என்பதற்காக எடுத்துக்காட்டைக் கைவிடுவதைவிட, முழுக் கருத்தையும் காட்டு என்று கேட்பதே சரியான மருந்து.

மூன்றாவது மறுப்பு கும்பிடுகளின் சார்பில் வருவது. பதில் போடாவிட்டால் மனம் நோகிறது. நீலக் குறி விழுந்தும் பேசாமல் இருந்தால் திமிர் என்கிறார்கள். ஒரு ‘ஓகே’ போட்டால் யாருக்கு என்ன நட்டம்? நட்டம் எண்ணிக்கையில் இருக்கிறது. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் சுமார் 13,000 பேர் அடங்கிய ஒரு மின்னஞ்சல் பட்டியலில் ஒருவர், என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினார். ‘என்னையும்’ என்று பலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். எல்லோருக்கும் பதில் போடாதீர்கள் என்று இன்னும் பலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். சுமார் ஒன்றரைக் கோடி மின்னஞ்சல்கள் பெருகி அஞ்சல் அமைப்பே திணறியது. நம் குழுக்களில் கணினி திணறாது, மனிதர் திணறுவார். வாட்ஸ்ஆப் குழுவின் உறுப்பினர் உச்சவரம்பு 2022-ல் 1,024 ஆக உயர்ந்தது. அதே ஆண்டு, செய்தியின் மேலேயே விரல் வைத்துக் கும்பிடோ இதயமோ ஒட்டும் வசதியும் வந்தது. வணக்கமும் போய்ச் சேரும், அடுத்தவர் திரையில் ஒரு வரிகூடக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. துக்கச் செய்திக்கு எண்பது பேர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தனித்தனியே எழுதினால் அதைக் கூறியது கூறல் என்று நான் தள்ள மாட்டேன். எழவு வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவதற்குச் சமம் அது. அங்கே கடைசியில் வந்து படிப்பவர், காரியமெல்லாம் முடித்து ராத்திரி போனைக் கையிலெடுக்கும் வீட்டுக்காரர். யார் யார் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பெயராக அவர் படிப்பார். அவருக்கு அந்த எண்பதும் வேண்டும். விதி மாறவில்லை, படிப்பவர் மாறினார், அவ்வளவே.

நாலாவது மறுப்பு எளிய மக்களை முன்னிறுத்துவது. எழுதத் தெரியாதவர், கண் மங்கியவர், குரலில் மட்டும் பேசி அனுப்புபவர் இவர்களையெல்லாம் விதி போட்டு வெளியே தள்ளுவதா? தள்ளக் கூடாது. அதனால்தான் விதியின் சுமை தெரிந்தவர் தோளில் விழ வேண்டும் என்கிறேன். பாட்டி இரண்டு நிமிடம் குரலில் கேட்டதற்குப் பதில் சொல்லும் பேத்தி, ‘முதியோர் பென்ஷன் இந்த மாதம் ஏறலையே என்று கேட்கிறார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பதிலைச் சொல்லலாம். கேட்பவருக்கு எந்த நிபந்தனையும் வேண்டாம், எப்படி வேண்டுமானாலும் கேட்கட்டும். பதில் சொல்பவருக்குத்தான் கடமை. செய்தியை இழுத்துப் போட விரல் பழகாத பெரியவர் பதில் சொன்னால், அடுத்து வரும் இளையவர் அதைக் கேள்வியோடு கோத்துவிடட்டும். ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்புவதற்குத்தானே குழு?

இதெல்லாம் ஊர் வம்பு பேசும் குழுவுக்கு ரொம்ப அதிகம் என்பது கடைசி மறுப்பு. வம்புக்கு மட்டுமே குழு என்ற காலம் போய்விட்டது. யூரியா வந்ததும், மின்தடையும், மழைநாளில் பள்ளி விடுமுறையும், ரத்தம் தேவைப்படுவதும் குழுவில்தான் முதலில் தெரிகின்றன. ‘நாளை விடுமுறை’ என்ற இரண்டு சொற்கள், எந்த நாளை என்று தெரியாமல், எந்த மாவட்டம் என்று தெரியாமல், கை மாறிக் கை மாறிப் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் பெற்றோர்கள் அறிவார்கள். இதைவிடக் கொடியதையும் இதே திருவண்ணாமலை மாவட்டம் பார்த்திருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்ஆப்பில் பரவிக் கிடந்தபோது, போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்து அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் பல இடங்களில் இத்தகைய கொலைகள் நடந்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் கட்டுப்படுத்தியது. பதில் போடும் முறை சரியாக இருந்திருந்தால் அந்த உயிர் போயிருக்காது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இவ்வளவு மட்டும் சொல்லலாம்: வதந்தி, தானாகவே முழுமையாகப் பயணம் செய்கிறது. படம், குரல், பயம் எல்லாம் ஒரே பொட்டலம். ‘எந்த ஊர்? என்றைக்கு? யார் பார்த்தது?’ என்ற எதிர்க்கேள்வியோ, ‘இது பொய்’ என்ற மறுப்போ அந்தப் பொட்டலத்தோடு ஒட்டாமல் தனியே மிதந்தால், பத்து நிமிடத்தில் கும்பிடுகளுக்கு அடியில் புதைந்துபோகும். பின்னால் வருபவர் வதந்தியைப் பார்ப்பார், மறுப்பைப் பார்க்க மாட்டார். பொய்யை எடுத்துப் போட்டு, அதன் மேலேயே மறுப்பை ஒட்டுவது இங்கே நாகரிகத்தைத் தாண்டிய கடமை.

இதை யார் நடைமுறைப்படுத்துவது? அட்மின் தலையில் கட்டுவதே வழக்கம். அட்மின் என்பவர் பெரும்பாலும் குழுவைத் தொடங்கியவர், அவ்வளவே. குழுவைத் தொடங்கி நடத்துவதோடு சரி என்றால், மற்றவர் பதிவுக்காக அவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் கூறின. சட்டமே அவர் மேல் ஏற்றாத சுமையை நாம் ஏற்றுவானேன்? எழுதி ஒட்டிய விதிப் பலகையைவிட, நாலு பேர் தினமும் செய்து காட்டும் பழக்கம் வேகமாகத் தொற்றும். இழுத்துப் பதில் போடுங்கள், தேதியையும் இடத்தையும் சொல்லுங்கள், பதில் வந்த பிறகு கேள்வியை அழிக்காதீர்கள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே நிற்கும் பதில் அநாதை. ஒருவருக்கு மட்டும் உரியதை அவருக்கே தனியாக அனுப்புங்கள். எல்லோருக்கும் உதவும் விடையைத் தனியாகக் கொண்டுபோய்ப் பூட்டாதீர்கள். நாளை அதே கேள்வியோடு இன்னொருவர் வருவார்.

கொல்லையிலிருந்து திரும்பிய விவசாயியின் கையில் இப்போது அதே குழு. ‘சொசைட்டியில யூரியா வந்துடுச்சா?’ என்ற வரி மேலே சிறிதாகத் தெரிகிறது. அதன் கீழே, ‘நாளை 12-ஆம் தேதி காலை பத்து மணிக்கு. சிட்டாவும் ஆதாரும் எடுத்து வரவும்.’ அந்தப் பதிலின் மூலையில் பதினெட்டுக் கும்பிடுகள் அடங்கிக் கிடக்கின்றன. அவர் எதையும் தேடவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சிட்டா எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.